கத்தி தீட்டும் கல் வாங்கக் கியோட்டோவுக்கு

நவம்பர் 21, தோஜி

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து தென்மேற்கே கால்மணி நேரம் நடந்தால் தோஜி கோயில். மாதாமாதம் 21ஆம் தேதி அதன் வளாகத்தில் சந்தை கூடும், ஆயிரம் கடைக்கு மேல் வரும் என்பார்கள். கூக்காய் என்ற துறவி 835ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் 21ஆம் தேதி மறைந்தார், அந்த நாளை ஒட்டி வந்த வழக்கம். பழைய கிமோனோ, ஊறுகாய், போன்சாய், துருப்பிடித்த ரம்பம், புத்தர் சிலை, எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. தலைக்கு மேலே 55 மீட்டர் உயரத்துக்கு ஐந்தடுக்கு மரக் கோபுரம் நிற்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கற்கள் தரையில்தான் கிடக்கும்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சமையல் கத்தி தீட்டும் கல், அதுவும் மலையைக் குடைந்து எடுத்த இயற்கைக் கல், அதைத் தேடித்தான் இந்தப் பயணம். ஒசாக்காவில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் துணைக்கு வந்திருக்கிறார். பேசுவது, பேரம், ரயில் சீட்டு எல்லாம் அவர் பொறுப்பு. "டேய், கல்லு வாங்கவா பிளேன் ஏறி வந்தே?" என்று விமான நிலையத்திலேயே ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

வீட்டில் செயற்கைக் கற்கள் இருக்கின்றன. கிங் 1000, நானிவா 3000 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண் கூடக் கூடத் துகள் பொடிசாகும், வேலை மெதுவாகும், பளபளப்பு ஏறும், அவ்வளவுதான் கணக்கு. தக்காளியை நசுக்காமல் அரிய அந்த 1000மும் ஒழுங்கான கையும் போதும். இயற்கைக் கல் வாங்கினால் கத்தி இன்னும் இரண்டு மடங்கு கூராகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விற்க வந்திருப்பார். அப்புறம் ஏன் இந்தப் பைத்தியம் என்றால், தீட்டும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வு வேறு, தீட்டி முடித்தபின் இரும்பின் முகம் வேறு, அதோடு ஒரு கல் இன்னொரு கல் மாதிரி இருக்காது. எண் கிடையாது. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அந்தத் தேய்த்துப் பார்க்கிற வேலை பிடிக்கும்.

நீலத் தார்ப்பாய் விரித்த ஒரு கடையில், தச்சர் பட்டறை ஒன்றைக் காலி செய்து வந்த சாமான் போல, இழைப்புளி, உளி, சுத்தியலுக்கு நடுவே ஏழெட்டுக் கற்கள். நடுவில் குழிந்தவை, ஓரம் உடைந்தவை, பாதிக்கு மேல் தேய்ந்து மரப்பலகையில் பதித்தவை. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும், புகையை விட்டுக்கொண்டு எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. எடுத்துப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார். நான் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். காய்ந்திருக்கும்போது எல்லாக் கல்லும் ஒரே சாம்பல் நிறம்தான், நனைத்தால்தான் நிறமும் கோடும் விரிசலும் வெளியே வரும். ஒன்று தண்ணீரை உடனே குடித்துவிட்டது, இளகிய கல். இன்னொன்றில் தண்ணீர் கண்ணாடி மேல் நிற்பதுபோல நின்றது, அது கெட்டி, கத்திக்கு வேண்டாம், சவரக்கத்திக்காரர்கள் தேடுவது. மூன்றாவது மஞ்சள், பக்கவாட்டில் அரக்குப் பூச்சு பாதி உரிந்திருந்தது. தேய்த்துப் பார்க்கக் கத்தி கேட்டதும் பெரியவர் முதல் முறையாகச் சிரித்து, பக்கத்திலிருந்த பழைய இழைப்புளித் தகட்டை நீட்டினார்.

பத்து இழுப்பு. கரகரவென்ற சத்தம் கொஞ்சமும் இல்லை, தகடு கல்லோடு ஒட்டி இழுத்தது, கறுப்பாக ஒரு பூச்சு எழுந்தது. அந்தக் கறுப்பு, கல் இரும்பைத் தின்கிறது என்பதற்கு அடையாளம். வடிவமற்ற துண்டுதான், இங்கே கொப்பா என்று சொல்லும் வகை, ஒரு மூலை இல்லவே இல்லை. 2,500 யென் சொன்னார், 2,000க்குத் தந்தார். எந்த மலைக் கல் என்று கேட்டதற்கு "மலைக் கல்" என்றார்.

நவம்பர் 22, சக்காய்

ஒசாக்காவின் தென்னோஜியிலிருந்து ஹன்காய் டிராம் பிடித்துச் சக்காய். ஒற்றைப் பெட்டி டிராம், வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போய், அப்புறம் நடுரோட்டில் இறங்கி ஓடுகிறது. மியோகொக்குஜி-மாயே நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஊரின் கைவினைக் காட்சிக்கூடம் இருக்கிறது, கத்திகளுக்கென்றே பெரிய பகுதி.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாகப் புகையிலை வந்தது, அதை இழை இழையாக அரியக் கத்தி தேவைப்பட்டது, சக்காய் கொல்லர்கள் செய்து கொடுத்தார்கள். அந்தப் புகையிலைக் கத்தி நன்றாக இருக்கவே, எடோ காலத்து அரசு 'சக்காய் கிவாமே' என்று முத்திரை குத்தி விற்கும் உரிமையை ஊருக்கே கொடுத்தது. இன்றைக்கும் ஜப்பானில் தொழில்முறைச் சமையல்காரர்கள் கையில் இருக்கும் ஒருபக்கச் சரிவுக் கத்திகளில் பெரும்பகுதி இந்த ஊர்ச் சரக்குதான். இங்கே ஒரு கத்தியை ஒரே ஆள் செய்வதில்லை. அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர், மூவருக்கும் தனித்தனிப் பட்டறை.

கல்லைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு ஏன் வரவேண்டும் என்றால், கல் என்ன செய்கிறது என்பது கத்தியின் வயிற்றைப் பார்த்தால்தான் புரியும். யானகிபா என்ற மீன் அரியும் நீளக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும் விளிம்பு வரும் பக்கம் கெட்டியான எஃகு, அதன் முதுகில் சுத்தியலால் அடித்து ஒட்டிய மெத்தென்ற இரும்பு. செயற்கைக் கல்லில் தீட்டினால் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிப் பளபளக்கும். இயற்கைக் கல்லில் முடித்தால் இரும்புப் பகுதி மங்கி, எஃகு மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும், நடுவே எல்லைக்கோடு. மங்கிய அந்தப் பகுதியைத்தான் கசுமி என்கிறார்கள். தீட்டத் தீட்டக் கல்லின் துகள் பொடிந்து பல அளவில் கலந்துவிடுகிறது, இளகிய இரும்பில் அது நுண்ணிய கீறல்களை எல்லாத் திசையிலும் போடுகிறது, கெட்டி எஃகில் அவ்வளவு ஆழம் பதிவதில்லை.

கடை ஒன்றில் நெடுநேரம் நின்றோம். இப்போதைய சமையல்காரர்கள் அநேகம் பேர் செயற்கைக் கல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று கடைக்காரரே சொன்னார், எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. இன்னொன்றும் சொன்னார், வாங்க நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று பெயர் வைத்த கார்பன் எஃகுக் கத்திகளுக்குத்தான் இந்தக் கற்கள் பொருந்தும். வனேடியம் சேர்த்த பவுடர் எஃகுக் கத்தியைக் கொண்டுபோய்த் தேய்த்தால் கைவலிதான் மிச்சம், ஏனென்றால் கல்லில் இருப்பது குவார்ட்ஸ், அந்த எஃகில் இருக்கும் வனேடியம் கார்பைடு அதைவிடக் கெட்டி. கத்தியைப் பார்த்துக் கல் வாங்கவேண்டும், நிறைய பேர் கல்லை வாங்கிவிட்டுக் கத்தி தேடுகிறார்கள்.

மதியம் அண்ணன் வற்புறுத்தி உடோன் சாப்பிட வைத்தார். நன்றாக இருந்தது.

நவம்பர் 23, கமேயோகா

இன்று ஜப்பானில் விடுமுறை, கியோட்டோ முழுக்க இலையுதிர்கால நிறம் பார்க்க வந்த கூட்டம். நாங்கள் எதிர்த்திசையில், சகானோ பாதை ரயிலில் கமேயோகா போனோம். சுரங்கப்பாதை, ஹோசு ஆற்றுப் பள்ளத்தாக்கு, சுரங்கப்பாதை, மறுபடி பள்ளத்தாக்கு, கடைசிச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் ஜன்னலில் ஒன்றுமே இல்லை, வெள்ளை. இந்தப் பள்ளத்தாக்கு ஊருக்கு இந்த மாதத்தில் மூடுபனி பிரசித்தம், சில நாள் மதியம் வரை விலகாதாம்.

நிலையத்திலிருந்து பேருந்தில் மலையோரம் போனால் இயற்கைத் தீட்டுக்கல் அருங்காட்சியகம். கத்தியைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 6 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் கொண்டு திரிவது இங்கே குற்றம். என் நாகிரியை, அதாவது காய்கறி வெட்டும் சதுரக் கத்தியை, அட்டை உறையில் போட்டு, துணி சுற்றி, பெட்டிக்குள் வைத்து, பையின் அடியில் போட்டுத்தான் எடுத்துப்போனேன்.

உள்ளே நாடு முழுவதிலுமிருந்து வந்த கற்கள். நாகசாகிப் பக்கத்து ஓமுரா, சொரசொரப்பான மணற்கல், பொக்கை விழுந்த கத்திக்கு. குமமோத்தோவின் அமகுசாத் தீவுக் கல், வரி வரியாகச் செம்பழுப்பு, பார்க்க அழகு. அப்புறம் இந்த ஊரின் ஆவோட்டோ, நீலமும் சாம்பலும் கலந்த நிறம், பக்கத்து மலைகளில் எடுத்தது, முதல் கல்லுக்கும் கடைசிக் கல்லுக்கும் நடுவில் வேலை செய்வது. கடைசியில் கியோட்டோவின் அவாசேதோ, தீட்டி முடிக்கும் கல். உலகத்தில் இருக்கும் கல் பைத்தியங்கள் எல்லாம் இதற்குத்தான் அலைகிறார்கள்.

இந்த அவாசேதோ எப்படி வந்தது என்பதை ஜப்பானிய நிலவியலாளர்கள் சொல்லும் கதை எனக்குக் கோயில் குளத்தைவிடப் பெரிய ஆச்சரியம். 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், கடல் உயிர்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. அதுவரை ஆழ்கடல் தரையில் ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் படிந்து படிந்து செர்ட் பாறை ஆகிக்கொண்டிருந்தது. அந்த உயிர்கள் போனதும் ஓடு விழுவது நின்றது, கரையிலிருந்து வெகுதூரத்தில் மிகமிகப் பொடியான களிமண்ணும் குவார்ட்ஸும் மட்டும் விழுந்தன, ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில். பிறகு உயிர்கள் மீண்டன, செர்ட் மறுபடி தொடங்கியது. நடுவில் கிடந்த அந்த மெல்லிய அடுக்கு, புவித்தட்டு நகர்ந்து ஆசியாவின் ஓரத்தில் ஒட்டி, நசுங்கி, மலையாகி, இன்றைக்கு என் கத்திக்கு அடியில். அந்தப் பாறை வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரிலேயே தீட்டுக்கல் என்ற சொல் இருக்கிறது. மணல் கலக்காத, கரடுமுரடு இல்லாத படிவு என்பதால்தான் கத்தியில் கீறல் விழாமல் வேலை நடக்கிறது.

சரி, தீட்டிய கதை. அங்கே தண்ணீர்த் தொட்டிமேல் பலகை போட்டுக் கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். முதலில் 1000 எண் செயற்கைக் கல்லில் விளிம்பு மடிந்து பிசிர் வரும்வரை தீட்டினேன், அதன் பிறகு ஆவோட்டோ. உடனே சேறு கிளம்பியது, கறுப்புச் சேறு, விரல் நகத்துக்குள் எல்லாம். சொல்லிக்கொடுத்தவர் அருகில் வந்து என் இடக்கை விரல்களைப் பிடித்து விளிம்பின் நுனிக்கே நகர்த்தினார், இன்னும், இன்னும், என்று சைகை. அழுத்தம் கத்தியின் முதுகில் இருந்தால் கல் சும்மா இரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும், எஃகுக்குப் போய்ச் சேராது. விரலை மாற்றிய உடனே சத்தம் மாறியது, 'சர்ர்' என்று இருந்தது 'ஷ்ஷ்' என்றானது.

கடைசியில் தோமாயே என்ற பாறை அடுக்கிலிருந்து வந்த கெட்டி அவாசேதோ ஒன்று. இதை ஊறவைக்கக் கூடாது, தண்ணீர் தெளித்தால் போதும். முதலில் அதே ஜாதிச் சிறு கல்லை, தோமோநகுரா என்பதை, அதன்மேல் வட்டமாக இழைக்கவேண்டும். கோயிலில் சந்தனம் இழைப்பது போலவே, அதே நிதானம், அதே அளவு தண்ணீர், பால்நிறத்தில் ஒரு கூழ் வரும். அதில் கத்தியை வைத்து எடையே கொடுக்காமல் இழுத்தேன். கூழ் வெள்ளையிலிருந்து சாம்பலாகி, கெட்டியாகி, கத்தியைப் பிடித்து இழுத்தது. அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றித் தொலைக்கக் கூடாது. ஒரு சொட்டு, ஒரு சொட்டு. கழுவித் துடைத்தால் இரும்பு மேகம் மூடிய மாதிரி, விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்கு எஃகு, நடுவில் அலையலையாகக் கோடு. பிசிரைத் தேடிக் கட்டைவிரலை வைத்தேன், இல்லை. கூடவந்த அண்ணன் வாயடைத்து நின்றார் என்று எழுத ஆசைதான். அவர் "பசிக்குதுடா" என்றார்.

சுயிட்டா என்ற அடுக்கின் கல்லையும் தேய்த்தேன், பொடிப்பொடித் துளைகள் உள்ளது. இது வேகமாகத் தின்கிறது, தோமாயே மெதுவாக. சமையல் கத்திக்கு எனக்குச் சுயிட்டாதான். இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும் சுரங்கம் இந்தப் பக்கத்தில் மருஓயாமா போல ஒன்றிரண்டுதான், மற்ற பெயர்பெற்ற சுரங்கங்கள் எல்லாம் மூடிப் பல காலம் ஆயிற்று. ஆகவே விலை ஏறிக்கொண்டே போகிறது.

நவம்பர் 24, நாருதாக்கி, தக்காவோ

ரான்டென் ரயிலில் நாருதாக்கி நிலையம். சின்ன நிலையம், இறங்கினால் வீடுகள், பூந்தொட்டிகள், ஒரு பல் மருத்துவமனை. கல் உலகத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், நேரில் பார்க்க ஒன்றும் கிடையாது. இங்கிருந்து வடமேற்கே உமேகஹாத்தா, தக்காவோ பக்கத்து மலைகளில்தான் நாக்காயாமா, ஷோபுதானி போன்ற சுரங்கங்கள் இருந்தன. அவை தனியார் நிலம், உள்ளே போவது தப்பு, ஆபத்தும்கூட.

பேருந்தில் தக்காவோ போனோம், மூச்சு விட இடமில்லாத கூட்டம், எல்லோரும் மேப்பிள் இலை பார்க்க வந்தவர்கள். ஜின்கோஜி கோயில் படிகளை ஏறி மண் தட்டுகளைப் பள்ளத்தில் வீசினோம், தீவினை போகுமாம். எனக்குப் பிடித்தது கீழே கியோத்தாக்கி ஆற்றோரம், பட்டை பட்டையாக மடிந்து கிடக்கும் செர்ட் பாறை. நேற்றுக் கேட்ட கதையின் மேலடுக்கும் கீழடுக்கும் இதுதான், நடுவில் கல்.

சுரங்கங்கள் ஏன் மூடின என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. போருக்குப் பிறகு செயற்கைக் கல் மலிவாக வந்தது, முடிதிருத்துபவர்கள் பிளேடு மாற்றும் கத்திக்குப் போனார்கள், தச்சர்கள் மின்கருவிக்குப் போனார்கள். சுரங்கத்தில் வெட்டும் பாறையில் கல்லாகத் தேறுவது கொஞ்சம், மீதி குப்பை. கூலி கட்டாது. வாள் மெருகிடுபவர்கள் மட்டும் இன்றும் உச்சிகுமோரி என்ற இயற்கைக் கல்லை விடவில்லை, அவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

நவம்பர் 25, கித்தானோ

25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயிலில் சந்தை. 903இல் இறந்த சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞருக்கான கோயில், அவர் பிறந்ததும் இறந்ததும் 25ஆம் தேதி. பரீட்சை எழுதும் பிள்ளைகள் வேண்டிக்கொள்ளும் இடம். நான் வேண்டிக்கொண்டது வேறு.

ஒரு கடையில் நல்ல செங்கல் வடிவக் கல், மேலே பழைய மை முத்திரை ஒன்றுக்கு மூன்று, நாக்காயாமா என்று அண்ணன் படித்தார். விலை 85,000 யென். மஞ்சள் நிறம், நடுவில் ரென்கே என்கிற இளஞ்சிவப்புப் புள்ளிகள். பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். தேய்த்துப் பார்க்க அனுமதி கேட்டேன், கடைக்காரர் பெருந்தன்மையாகவே ஒரு தகடு கொடுத்தார். ஆறாவது இழுப்பில் 'கீர்' என்று ஒரு சத்தம், தகட்டில் தலைமுடி போல ஒரு கீறல். உள்ளே எங்கோ கெட்டித் துகள் இருக்கிறது. ஊசி முனையால் தோண்டி எடுக்கலாம், அடியில் இன்னொன்று இருக்காது என்று யார் சொல்வது? வணங்கி வைத்துவிட்டேன்.

முத்திரை ஒரு காலத்தில் வியாபாரியின் வாக்கு. இப்போது பின்னால் குத்திய முத்திரைகளும் புழங்குகின்றன, முத்திரை உண்மையாக இருந்தாலும் அந்தக் குறிப்பிட்ட கல் உங்கள் கத்திக்கு ஒத்துவரும் என்று அது சொல்லாது. ரென்கே, காக்கைச் சிறகு போன்ற கருந்திட்டு, முட்டை மஞ்சள், இதற்கெல்லாம் சேகரிப்பவர்கள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும். வெட்டுவதற்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. தேய்க்க விடாத கடையில் கல் வாங்காதீர்கள், இணையத்தில் படம் பார்த்து வாங்குவதாக இருந்தால் சின்னக் கொப்பாவில் தொடங்குங்கள்.

வரிசையின் கடைசியில், பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம், கிண்ணங்களுக்கு நடுவே ஒரு சுயிட்டா. முத்திரை இல்லை, ஓரத்தில் ஒரு விரிசல், ஆனால் தேய்க்கும் முகத்தைத் தொடாத விரிசல். 9,000 யென். ஒரு கிலோவுக்கு மேல் எடை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுச் சமையலறை. முதலில் வைரத்தகட்டில் கல்லின் முகத்தைச் சமன்படுத்தினேன், பென்சிலால் கட்டம் போட்டு, கோடு முழுக்க அழியும்வரை. ஓரங்களை லேசாகச் சரித்துவிட்டேன், இல்லாவிட்டால் சிம்பு பெயர்ந்து கத்தியைக் கெடுக்கும். நாகிரியைத் தீட்டி நேகி வெங்காயத்தை அரிந்தேன், வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுந்தன. இரண்டு சந்தைக் கல்லிலும் முடித்துப் பார்த்தேன். தோஜியில் வாங்கிய கொப்பா மெதுவாக ஆனால் மென்மையாக, சுயிட்டா சட்டென்று. அண்ணன் தன் வீட்டிலிருந்த மொத்தக் கத்திகளையும் கொண்டுவந்து வைத்தார், ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தி உட்பட. அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் விரிசலுக்குப் பூச்சு. இயற்கைக் கல் அடுக்கடுக்கானது, தண்ணீர் பக்கவாட்டில் புகுந்து, குளிரில் உறைந்தால் பிளந்துவிடும், அதனால் முகத்தை விட்டுவிட்டு நான்கு பக்கமும் அடியும் பூசவேண்டும். முன்பு அசல் அரக்கு, இப்போது பெரும்பாலும் 'கஷூ' என்ற பூச்சு, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்தது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைப்பவர்களின் கையைப் பொசுக்கும் அதே எண்ணெய். மூடியைத் திறந்ததும் வந்த நெடியில் அண்ணன் பால்கனிக் கதவைத் திறந்து என்னையும் கல்லையும் வெளியே தள்ளினார். ஒரு பூச்சு காய ஒரு நாள் ஆகும், மூன்றாவது பூச்சு ஊரில் போய்த்தான். பெட்டியில் எடை போட்டுப் பார்த்ததில் சட்டைகள் இரண்டையும் ஜப்பானிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும் போலிருக்கிறது, அண்ணன் அளவு எனக்கும் அவருக்கும் ஒன்றுதான்.